பழைய கேமரா வாங்கச் சாந்தினி சௌக் போகிறவர்களுக்கு

கைப்பேசியில் படமெடுத்துப் பழகிய ஒருவர் அடுத்த கட்டமாகக் கேமரா வாங்க நினைத்தால், டில்லியில் இருப்பவர் என்ற முறையில் அவருக்கு ஒரு வசதி உண்டு. செங்கோட்டைக்கு எதிரே தொடங்கும் சாந்தினி சௌக் சாலையிலிருந்து பிரியும் கூச்சா சௌத்ரி சந்தில் கேமராக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. புதியவற்றோடு பழையவையும் அங்கே கைமாறுகின்றன. கேனனும் நிக்கானும் 2018இல் தங்கள் மிரர்லெஸ் கேமராக்களுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதவை) லென்ஸைப் பொருத்தும் புதிய மவுண்ட் கொண்டுவந்த பிறகு, தொழில்முறைப் படக்காரர்கள் பலர் அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்களை விற்றுவிட்டு மாறிவருகிறார்கள். நன்றாக உழைக்கக்கூடிய கேமராக்கள் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் புதிய கேமராவுக்குப் பெரும்பணம் போடுவதைவிட, பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றையும் நல்ல லென்ஸ் ஒன்றையும் தேர்ந்தெடுத்து வாங்குவதே சரி என்பது என் கருத்து. ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்பே, எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம்மவர்களில் பலருக்கு இந்த ஆசை வருவது பிள்ளைகளின் நடன நிகழ்ச்சிகளால்தான். ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள டில்லித் தமிழ்ச் சங்கத்தின் அரங்கிலோ வேறு மேடையிலோ குழந்தை ஆடும்போது, கைப்பேசிப் படத்தில் முகம் கலங்கிப்போகிறது. கேமராவோடு வரும் 18–55 லென்ஸும் அந்த வெளிச்சத்தில் அதிகம் உதவாது. அந்த லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் ஒளி புகும் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறப்பதில்லை (எஃப் எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. முன்னதில் ஒரு நொடியில் 20இல் ஒரு பங்கு நேரம், ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில், பின்னதில் 200இல் ஒரு பங்கு நேரம் போதும். ஆடும் கையும் அபிநயம் பிடிக்கும் கண்ணும் தெளிவாக விழுவது இந்த வித்தியாசத்தால்தான். ஆகவே மேடைக்காக வாங்குகிறவர்கள் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) ஒரு படி இறங்கினாலும் இந்த லென்ஸை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மவுண்ட் விஷயத்தில் ஏமாற இடமுண்டு. நிக்கானின் டி3500, டி5600 போன்ற தொடக்க நிலைப் பாடிகளுக்குள், லென்ஸைத் திருப்பித் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. தமக்குள்ளும் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்கள் அவற்றில் பொருந்தும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாக இருக்கிறதென்று 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை இந்தப் பாடிகளுக்கு வாங்குகிறவர்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் லென்ஸ் கெட்டிருக்கிறது என்று எண்ணிக் கலங்குகிறார்கள். தனக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸை வாங்குங்கள், அல்லது டி7200 போல மோட்டார் உள்ள பாடியை எடுங்கள். கேனனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிறிய சென்சார் உள்ள பாடிகளுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள், பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டகப் பாடிகளில் பொருந்தா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கரோல் பாகிலிருந்தோ மயூர் விஹாரிலிருந்தோ வருகிறவர்கள் ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறிச் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கலாம். ஊதாத் தடத்தின் லால் கிலா நிலையமும் நடக்கும் தொலைவுதான். பிரதான சாலையில் பகல் முழுவதும் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் காரில் போவதில் பயனில்லை. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். வார நாளில், கடை திறந்து கூட்டம் சேர்வதற்கு முன் போய்விட்டால், பொறுமையாகச் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பார்கள். உங்கள் சொந்த மெமரி கார்டு ஒன்றும், சிறிய டார்ச் ஒன்றும், முடிந்தால் மடிக்கணினியும் கையில் இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான சோதனைக்கு வருவோம். கடைக்காரர் லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, "பாருங்கள், பளிங்கு மாதிரி இருக்கிறது" என்று காட்டுவார். அந்த வெளிச்சத்தில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் தெரியும். இரு பக்க மூடிகளையும் கழற்றி, துளையை முழுவதும் திறந்துவைத்து, டார்ச்சைப் பின்பக்கம் சற்றுச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கத்தின் வழியே உள்ளே பாருங்கள். பிறகு டார்ச்சை முன்பக்கம் கொண்டுவந்து பின்னாலிருந்து பாருங்கள். சில தூசிப் புள்ளிகள் தெரிவது இயல்பு, டில்லிக் காற்றில் உழைத்த லென்ஸ் ஒன்றில் அவை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு; படத்தில் அவை தெரியவும் மாட்டா. தேட வேண்டியது வேறு: கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிட்டுப் பரவும், சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள். அதுதான் பூஞ்சை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தில், காற்றோட்டமில்லாத பையில் கிடந்த லென்ஸ்களில் அது வளர்கிறது. முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடுவதால், பிரித்துச் சுத்தம் செய்த பிறகும் தடம் மிஞ்சும். "சின்னதுதான், துடைத்தால் போய்விடும்" என்று சொன்னாலும், விலையை எவ்வளவு குறைத்தாலும், அந்த லென்ஸை வாங்காதீர்கள். இதே சோதனையில் கண்ணாடி முழுவதும் புகைபடிந்தாற்போல மங்கித் தெரிந்தால், அதையும் தள்ளிவிடுங்கள். விளக்குக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப்போகும்.

அடுத்து, அந்த லென்ஸைப் பாடியில் மாட்டி, துளையை முழுவதும் திறந்தபடி, எழுத்துகள் நிறைந்த சுவரொட்டியையோ பெயர்ப்பலகையையோ நேர் எதிரே நின்று படமெடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். எல்லா மூலைகளும் ஒரே அளவுக்குச் சற்று மங்கலாக இருந்தால் கவலையில்லை, பல லென்ஸ்களின் இயல்பே அது. நேராக நின்று இரண்டு மூன்று முறை எடுத்த பிறகும் ஒரே ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், அந்த லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத லென்ஸிலும் இது நேரும்.

ஒளியைப் படமாக்கும் சென்சாரைப் பார்க்க, துளையை எஃப் 16க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கையால் முடிவிலிக்குத் திருப்பி, வெள்ளைச் சுவரையோ திறந்த வானத்தையோ எடுங்கள். தெரியும் கரும்புள்ளிகள் தூசி என்றால் சுத்தம் செய்துவிடலாம். கோடாகத் தெரிந்தால் அது கீறலாக இருக்கக்கூடும், வாங்க வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவை) 1600இல் வைத்து, சில நொடிகள் ஷட்டரைத் திறந்து இன்னொரு படம் எடுத்தால், இடைவிடாமல் ஒளிரும் கெட்ட புள்ளிகள் எத்தனை என்பது தெரிந்துவிடும்.

எல்லோரும் முதலில் கேட்கும் ஷட்டர் எண்ணிக்கையை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை) நான் கடைசியில்தான் பார்ப்பேன். தொடக்க நிலைப் பாடிகளின் ஷட்டரைப் பொதுவாக 1 லட்சம் முறைக்கும், டி7200ஐ 1.5 லட்சத்துக்கும், டி850ஐ 2 லட்சத்துக்கும் சோதித்திருப்பதாக நிறுவனங்கள் சொல்கின்றன. இது ஆயுள் முடியும் நாள் அல்ல. அதைத் தாண்டி நெடுங்காலம் உழைப்பவையும் உண்டு, முன்பே நிற்பவையும் உண்டு. நிக்கானில் கேமரா எழுதிய ஜேபெக் கோப்பை மாற்றாமல் மடிக்கணினியில் திறந்தால் எக்ஸிஃப் தகவலில் (படத்தோடு கேமரா சேர்த்து எழுதும் குறிப்புகளில்) எண்ணிக்கை இருக்கும். கேனனின் பல பாடிகள் அதைப் படத்தில் எழுதுவதில்லை, கேபிளில் இணைத்து மென்பொருள் வழியாகத்தான் படிக்க வேண்டும். கோப்பின் பெயரில் உள்ள எண்ணைக் காட்டி "மூவாயிரம்தான் ஓடியிருக்கிறது" என்றால் நம்பாதீர்கள். 9999க்குப் பிறகு அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். கல்யாண வீடியோவுக்காக மணிக்கணக்கில் ஓடிய நேரமும் இந்த எண்ணிக்கையில் சேராது. பிடிமான ரப்பர் உரிந்தும் பொத்தான்களின் எழுத்துகள் அழிந்தும் இருக்கும் பாடியில் எண்ணிக்கை மட்டும் குறைவாக இருந்தால், ரப்பர் சொல்வதையே நம்புங்கள்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். கார்டு நுழையும் இடம், ஃபிளாஷ் மாட்டும் இடம், எல்லாப் பொத்தான்கள், திரை. பேட்டரி போலியாக இல்லாமல் இருப்பது முக்கியம். டி7200 போன்ற நிக்கான் பாடிகளின் மெனுவில் பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும் பக்கம் இருக்கிறது. 4 என்றால் புதிய பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

விலையை முதலிலேயே பேசத் தொடங்காமல், சோதனை முடிந்த பிறகு, கண்ட குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேசினால் கடைக்காரரும் மதித்துக் குறைப்பார். இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதில் தவறில்லை. பாடியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதிய பக்கா பில் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் கைமாறும் வழி அதுதான். செக்கிங் வாரண்டி என்று சில நாள்கள் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னால், எத்தனை நாள், பணம் திரும்பக் கிடைக்குமா அல்லது மாற்றிக் கொடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த நாள்களுக்குள், வீட்டில் விளக்கு ஏற்றிய பிறகு சில நூறு படங்களாவது எடுத்துவிடுங்கள். சூடேறினால் மட்டும் வெளிவரும் கோளாறுகள் அப்போது தெரியும்.

வாங்கிய பிறகு லென்ஸைத் தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடும், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றோடும் வைத்து, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் வெளியே எடுத்துப்போய்விட்டு ஹீட்டர் போட்ட அறைக்குத் திரும்பும்போது, பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் கண்ணாடியில் நீர் படியாது.