நஞ்சுக்கொடியிலிருந்து தாய்ப்பக்கச் சவ்வைப் பிரித்தெடுப்பது எப்படி?

பிரசவ அறையிலிருந்து அழைப்பு வரும்போது பனிக்கட்டிப் பெட்டி தயாராக இல்லையென்றால், அன்றைய சோதனையை மறந்துவிடுங்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்த அரைமணி நேரத்துக்குள் குளிருக்குள் போய்விட வேண்டும். தாயின் ஒப்புதல் கையெழுத்து அதற்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஒருமுறை மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றேன். சிஸ்டர் வழக்கம்போல ஃபார்மலினில் போட்டு மூடி வைத்திருந்தார். ஃபார்மலினில் இறுகிய புரதம் எதற்கும் திறக்காது. முன்கூட்டிச் சொல்லாதது என் பிழைதான்.

நாம் தேடுவது கால்வாய்ப் புரதங்களை, அதாவது செல்லின் சவ்வில் பதிந்து அயனிகளுக்கும் தண்ணீருக்கும் வழிவிடும் புரதங்களை. எனக்கென்னவோ அவற்றை மதகு என்றால்தான் பொருந்துகிறது. நஞ்சுக்கொடியின் விரல்போன்ற நீட்சிகளான விரலிகளைப் போர்த்தியிருக்கும் சின்சிட்டியோட்ரோபோபிளாஸ்ட், செல்களுக்கிடையே சுவரே இல்லாத ஒரே விரிப்பு. ஒரு முகம் தாயின் இரத்தத்தில் நனைகிறது; அந்த முகத்துச் சவ்வுதான் நமக்கு வேண்டும். மறுமுகம் சிசுவைப் பார்த்திருக்கிறது. கால்சியத்துக்கு வழிவிடும் டிஆர்பிவி6இல் நான்கு துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன. தண்ணீருக்கான அக்குவாபோரினும் நான்காகவே சேர்கிறது; ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்துளை.

சிசுப்பக்கத் தகட்டையும் தாய்ப்பக்க டெசிடுவாவையும் (ஒட்டி வந்த கருப்பை உட்படலம்) வெட்டி நீக்குங்கள். நடுவிலுள்ள திசுவை நறுக்கி, குளிர்ந்த உப்புநீரில் சிவப்பு மங்கும்வரை அலசுங்கள். அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசலில் கலக்கி, காஸ் துணியில் வடிகட்டுங்கள். பிறகு மக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் அளவுக்கு. மற்றச் சவ்வுகள் ஒட்டித் திரளும். தாய்ப்பக்க நுண்விரலிச் சவ்வு பெரும்பாலும் திரளாமல் நிற்கும். மெதுவான சுழற்சியில் அடியில் படிவது நமக்கு வேண்டாம், மேல்நீர்தான் வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பழக்கதோஷத்தில் மேல்நீரைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். அந்த மேல்நீரை அதிவேகத்தில் சுழற்றினால் சவ்வு படியும்.

கிடைத்தது அதுதானா? ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தாய்ப்பக்க முகத்தில் செறிந்திருக்கும் நொதி. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு அதன் செயல்பாடு தொடக்கக் கரைசலைவிடப் பத்து மடங்காவது கூடவில்லையென்றால் நான் மேலே போவதில்லை.

சவ்வைக் கொழுப்புடன் கலந்து, உலர்த்தி, மீண்டும் நனைத்தால் பெரிய லிப்போசோம்கள் (கொழுப்புச் சவ்வாலான குமிழிகள்) உருவாகும். அவற்றில் கண்ணாடி நுண்குழாயைப் பொருத்துங்கள். தனியொரு கால்வாயின் மின்னோட்டத்தை அளக்கும் இந்த வழியை உருவாக்கி, செல்லின் தனிக் கால்வாய்கள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1991இல் நோபல் பெற்றார்கள். குளோரைடு அயனிகளுக்கான பெரிய கால்வாயான மேக்ஸி குளோரைடு கால்வாய் 200 பிகோசீமென்சுக்கு (மின்கடத்தலின் அலகு) மேல் கடத்தும். திரையில் பெரிய படிக்கட்டாகத் தெரியும். உடனே துள்ளாதீர்கள். குளோரைடு கால்வாயை அடைக்கும் டிட்ஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள். படிகள் மறைந்தால் கால்வாய். மறையாவிட்டால் குழாய் ஓரத்துக் கசிவாகவும் இருக்கலாம், குழாயை மாற்றுங்கள்.