ஐஐஎம் நேர்காணல்: உள்ளே போகுமுன், வெளியே வந்தபின்

எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வின் முடிவு வந்து, ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) நேர்காணல் அழைப்பும் கைக்கு வந்ததும் பலர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது உங்கள் விண்ணப்பப் படிவத்தை. எதிரில் இருக்கும் இரண்டு மூன்று பேராசிரியர்கள் கேள்வியைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

அதை அச்செடுத்து, வரிக்கு மூன்று கேள்வி எழுதுங்கள். ஒவ்வொன்றும் முந்தைய பதிலுக்குள்ளிருந்து கிளம்ப வேண்டும். சொந்த ஊர் திருப்பூரா? "பின்னலாடை" என்றதும் விட்டுவிட மாட்டார்கள். நூல் விலை ஏறினால் ஏற்றுமதியாளருக்கு ஏன் அடி? ஆர்டர் எடுக்கும்போதே விலை பேசியாகிவிடும், நூல் வாங்குவது பிறகு. இந்த அளவுக்காவது ஊரைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பட்டப்படிப்பில் இரண்டு பாடங்களை அடிவரை படியுங்கள். மெக்கானிக்கல்காரரிடம் பெட்ரோல் இன்ஜினின் ஓட்டோ (Otto) சுழற்சியையும் டீசல் சுழற்சியையும் வரையச் சொல்லலாம், பி.காம் என்றால் தேய்மானத்தில் நேர்கோட்டு முறைக்கும் குறைந்துசெல் மதிப்பு முறைக்கும் லாபம் எப்படி மாறும் என்று கேட்கலாம். "வேலைக்குப் போய் மூன்று வருஷமாச்சு சார்" என்பது அங்கே எடுபடாது.

"ஏன் எம்பிஏ?" என்பதற்கு மனப்பாடப் பதில்தான் அதிகம் சொதப்புகிறது. இப்போதைய வேலையில் உங்களால் எடுக்க முடியாமல் போன ஒரு முடிவைச் சொல்லுங்கள், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். அளந்துவிட்டால் அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும்.

வெளியே வந்ததும், வீட்டுக்கு போன் போடுவதற்கு முன்பே, நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: கேட்டது, நான் சொன்னது, அதன்மேல் அவர்கள் கேட்டது. சொற்களை அப்படியே எழுத வேண்டும். "நல்லா சொன்னேன்" என்ற குறிப்பு எதற்கும் உதவாது. மூன்றாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் குடைந்திருந்தால் பெரும்பாலும் உங்கள் பதிலில் எண்ணோ எடுத்துக்காட்டோ இல்லை. அப்படிப்பட்ட இரண்டு பதில்களை மட்டும் அடுத்த நேர்காணலுக்குள் திருத்துங்கள், எல்லாவற்றையும் மாற்றப் போனால் பேச்சு தடுமாறும்.

பேனல் சிரித்ததா, முறைத்ததா என்று எழுதவே வேண்டாம். கேட் மதிப்பெண், பழைய மதிப்பெண்கள், பணி அனுபவம் எல்லாம் இறுதிப் பட்டியலில் சேர்வதால் முகத்தைப் பார்த்து முடிவைக் கணிக்க முடியாது. அந்த நேரத்தில் அடுத்த கல்வி நிறுவனத்துக்கு அனுப்பிய படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் பொழுதுபோக்கு செஸ் என்றும் இன்னொன்றில் வாசிப்பு என்றும் போட்டிருப்பீர்கள்.