கடை மெஷினும் வீட்டுப் பெட்டியும்: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

நெல்லை ஜங்ஷன் பக்கத்து வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஆடிய ஆட்டத்தையே பின்னர் வீட்டு டிவியில் கேசட் செருகி ஆடியவர்களிடம் வேறுபாடு என்னவென்று கேட்டால், ‘கடையில் படம் நன்றாக இருந்தது’ என்பார்கள். அது போதாது. வீட்டுக்கு வரும் வழியில் எது விடுபட்டது, எந்தப் பற்றாக்குறையால் விடுபட்டது என்று தேட வேண்டும்.

முதலில் திரையைக் கவனியுங்கள். 1987இல் கடைக்கு வந்த ‘காண்ட்ரா’ என்ற சுடும் ஆட்டம், உயரவாக்கில் நிறுத்திய திரைக்காகச் செய்யப்பட்டது. வீட்டு டிவியோ அகலவாக்கில் இருப்பது. ஆகவே மறு ஆண்டு வீட்டுக்கு வந்தது நகல் அன்று, புதிதாக வரைந்த ஆட்டம்.

அடுத்தது மினுக்கல். பாளையங்கோட்டை வீடுகளின் பரணில் இன்றும் கிடக்கும் மலிவான டிவி கேம் பெட்டிகளில் பல, நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் என்ற வீட்டுப் பெட்டியின் நகல்கள். அந்தப் பெட்டியின் படச் சிப், திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருத்துண்டுகளுக்கு (ஆள், குண்டு போன்ற நகரும் உருவங்களை ஆக்கும் சிறு படங்கள்) மேல் காட்டாது. இருவரை ஒரே மட்டத்தில் நின்று சுடச் சொல்லிவிட்டு, டிவிக்கு அருகில் உட்கார்ந்து பாருங்கள்: எதிரிகளும் குண்டுகளும் அதே மட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், ஒருவனுடைய கால் மட்டும் மறைந்து மறைந்து தோன்றும். டிவி பழுது என்று மெக்கானிக்கைத் தேடிப் போன வீடுகளும் உண்டு.

மூன்றாவதான நினைவகம்தான் என் கணக்கில் முதன்மையானது. கேப்காமின் ‘எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கடையில் 1996இல் வந்தபோது, அணிக்கு இருவர்; சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம். நான்கு ஆட்களின் படங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தால்தான் அது நடக்கும். செகா சாட்டர்ன் என்ற வீட்டுப் பெட்டியில் 4 எம்பி கூடுதல் அட்டையைச் செருகி அதைக் காப்பாற்றினார்கள்; 2 எம்பி முதன்மை நினைவகம் மட்டுமே கொண்ட பிளேஸ்டேஷனில் விட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரே சிப் என்று தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். 1990இல் வந்த நியோ ஜியோவின் கடை வடிவமும் வீட்டு வடிவமும் உள்ளுக்குள் ஒன்றே என்றாலும், ஒன்றின் கேசட் மற்றொன்றில் பொருந்தாது. 1998இல் வந்த, கடை மெஷினுக்கான செகா நவோமி போர்டும் செகாவின் வீட்டுப் பெட்டியான டிரீம்காஸ்டும் ஒரே செயலியைக் கொண்டவை. ஆனால் போர்டின் முதன்மை நினைவகம் 32 எம்பி, வீட்டுப் பெட்டியினுடையது 16 எம்பி.

ஒப்பிட எடுத்துக்கொள்பவை ஒரே ஆட்டம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நம்மூர்ப் பையன்கள் ‘முஸ்தபா’ என்றழைத்த ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ 1993இல் கடைக்கு வந்தது. அதே பெயரோடு செகா சிடி என்ற வீட்டுப் பெட்டியில் கிடைப்பது, கார் ஓட்டிக்கொண்டே சுடும் வேறோர் ஆட்டம்.