ஸ்குவாஷ் ஆட்டத்தை நோய் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, சென்னையில் பயிற்சி, ஆண்டுக்கு ஆறேழு போட்டிகள் என்று ஒன்பது ஆண்டுகள் ஸ்குவாஷ் ஆடியவள் நான். நான்கு சுவர்களுக்குள், ராக்கெட் என்னும் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம் அது. ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாட்களில் காய்ச்சல் இறங்கியது, தட்டணுக்கள் ஏறின, ஆனால் உடம்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர் சொல்லப்பட்டபோது பதினான்கு மாதங்கள் ஓடியிருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களில் நான் செய்த தவறுகளை இன்னொரு வீரரோ வீராங்கனையோ செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்றவற்றில் மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி பெரும்பாலும் நன்மையே தரும். இங்கே நான் சொல்வது, உழைப்பே நோயைக் கூட்டும் நிலைக்கு மட்டும் பொருந்தும். அதன் அடையாளம், உழைத்த அந்த நேரத்தில் அல்லாமல், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடல் சரிந்து விழுவதும், அந்தச் சரிவு நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் நீடிப்பதும் ஆகும். தூக்கம் களைப்பைத் தீர்க்காது, படித்த பத்தி மனத்தில் நிற்காது, நின்றால் தலை சுற்றும். இவை உங்களுக்கு இருந்தால் மேலே படியுங்கள்.

முதல் வேலை மருத்துவரிடம் செல்வது. இந்த நோயை உறுதிப்படுத்தும் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதால், இதே போன்ற களைப்பைத் தரும் மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டுதான் வர முடியும். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், வைட்டமின் பி12, வைட்டமின் டி, காசநோய் ஆகியவை பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்வதானால் வரிசையில் நிற்க இன்னொருவரை அழைத்துச் செல்லுங்கள். சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். “டயர்டாக இருக்கிறது” என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் ஒன்றும் விளங்காது. “திங்கட்கிழமை காலையில் இரண்டு மாடி ஏறினேன், புதன்கிழமை பல் துலக்க உட்கார வேண்டியிருந்தது” என்று சொன்னால் விளங்கும். பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருக்க, பத்து நிமிடம் அசையாமல் நின்று நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட நிற்கும்போது துடிப்பு 30-க்கு மேல், 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40-க்கு மேல், கூடி அப்படியே இருந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். நிற்கும் நிலையைத் தாங்க முடியாத இந்தக் கோளாறுக்கு உப்பு, நீர், இறுக்கமான காலுறை, மருந்து என்று தனி வழிகள் உண்டு; அவற்றை இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது நோட்டு. மளிகைக் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் அன்று செய்தவை, வலப்பக்கம் அன்றைய உடல்நிலை. இடப்பக்கத்தில் குளியல், படிக்கட்டு, தொலைபேசிப் பேச்சு, அழுகை, சண்டை என எல்லாம் வர வேண்டும். மூளை உழைப்பும் மன உழைப்பும் இந்த உடலுக்கு உழைப்புதான். இரண்டு வாரம் கழித்து, ஒவ்வொரு மோசமான நாளிலிருந்தும் ஒரு நாள், இரண்டு நாள் பின்னோக்கிச் சென்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்: தலைக்குக் குளித்த நாளுக்கு மறுநாள் எப்போதும் படுக்கை. அதன் பிறகு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளித்தேன், தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை, சரிவு பாதியாகக் குறைந்தது.

காலையில் கண் விழித்ததும் எழுவதற்கு முன் நாடித்துடிப்பை எண்ணி, ஏழு நாட்களின் சராசரியைக் கணக்கிடுங்கள். அந்தச் சராசரிக்கு மேல் 15 துடிப்பு என்பதை அன்றாட வேலைகளுக்கான தொடக்க எல்லையாக, இந்நோயாளிகளுடன் பணியாற்றும் உடலியக்க நிபுணர்கள் சிலர் சொல்கிறார்கள். என் சராசரி 68, எல்லை 83. பந்து விழாமல் மாறி மாறி அடிக்கும் ஒரு ரேலியில் 180-ஐத் தொட்டு மீண்ட உடலுக்கு 83 என்பது அவமானமாகவே தோன்றும். எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டு மாடிப்படியின் ஏழாவது படியிலேயே கைக்கடிகாரம் 110 காட்டியது. அன்றிலிருந்து ஏழாவது படியில் உட்கார்ந்து, துடிப்பு இறங்கிய பிறகே எட்டாவது படியில் கால் வைத்தேன்.

வீரர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிடக் கொடுமையாக அமைவதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டத்தின் கடைசிச் சுற்றான ஐந்தாவது கேமில் கால் எரியும்போது இன்னும் ஒரு பந்து என்று பொறுத்துக்கொண்டு ஓடுவதற்குத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுமைதான் இங்கே நம்மை வீழ்த்துகிறது. ஆனால் ஸ்குவாஷ் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது: எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, அடி விழுவதற்கு முன்பே பந்து போகும் இடத்தை அறிவது. பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டு, இந்தக் கவனிக்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காது இரைச்சல், தொண்டை வலி, கை கனத்தல் என ஒவ்வொருவருக்கும் சரிவுக்கு முன்னறிவிப்பு ஒன்று உண்டு. எனக்கு இடது கண்ணிமை துடிக்கும். துடித்தால் கையில் இருப்பது தோசைக் கரண்டியே ஆனாலும் கீழே வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

இது தெரியாத காலத்தில், நோய் வந்த ஆறாம் மாதம், ஒரு நாள் உடம்பு நன்றாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போய் மூன்று கேம் ஆடினேன், இரண்டில் வென்றேன். அன்று இரவு மகிழ்ச்சியில் தூங்கவே இல்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலையில் போர்வையை விலக்கக் கை எழவில்லை, அந்த நிலை ஐந்து வாரம் நீடித்தது. நல்ல நாள்தான் ஆபத்தான நாள். நல்ல நாளில், முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் செய்யுங்கள்.

வீட்டாருக்குச் சொல்வது தனி வேலை. “எழுந்து நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாப்போயிடும்மா” என்று என் அத்தை வாரம் தவறாமல் சொல்வார், அன்பினால்தான் சொன்னார். வாதாடாதீர்கள், வாதாடுவதும் உழைப்புதான். நோட்டின் இரண்டு பக்கங்களைக் காட்டுங்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மறுநாள் முதல் காய்கறி நறுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். திருமணம் என்றால் முகூர்த்தம் அல்லது வரவேற்பு, ஒன்றுக்கு மட்டும் செல்லுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் வெறுமையாக இருக்கட்டும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஆட்டோவில் சென்று, ஆட்டோவில் இருந்தபடியே தீர்த்தவாரியைப் பார்த்துத் திரும்பினேன். அதுவும் போதுமாக இருந்தது.

நம் ஊரில் களைப்பு என்றதும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுகிறார்கள். போட்டியாளராகப் பதிவில் இருக்கும் எவரும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக முறைப்படி செய்யப்பட்டால் தவிர, உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி எந்தக் காலத்திலும் தடை செய்யப்பட்டது. ஒரு சாதாரண பாட்டிலே 500 மில்லிலிட்டர். அதேபோல் அழற்சியைக் குறைக்கத் தரும் குளுக்கோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. சிகிச்சைக்கு அவை உண்மையிலேயே தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மருந்துச் சீட்டை வைத்து, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பியுங்கள். என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

ஸ்குவாஷ் கோர்ட்டுக்குத் திரும்புவதைப் பற்றி எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். வாரம் பத்து விழுக்காடு கூட்டு என்பது போன்ற அட்டவணை இந்த நோய்க்கு ஆகாது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்று 2021-இல் தன் வழிகாட்டுதலையே மாற்றிக்கொண்டது. உள்ள ஆற்றலுக்குள் வாழ்வதையே இப்போது அது முன்வைக்கிறது. ஆகவே சில மாதங்கள் சரிவே இல்லாமல் அன்றாட வேலைகள் நடக்கும்வரை ராக்கெட்டைத் தொடாதீர்கள். பிறகு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடாத காலை 7:30 மணிக்கு முன், ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை நடந்து, உட்கார்ந்து, திரும்புங்கள். மூன்று நாள் காத்திருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையே மீண்டும் செய்யுங்கள், கூட்ட வேண்டாம். கத்திரி வெயிலில் இந்த முயற்சியே கூடாது.

கோர்ட்டில் முதல் நாள் ஐந்து பந்து மட்டும். போட்டிகளில் ஆடும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து அடித்து அடித்துச் சூடேறினால்தான் எழும்பும். அதைச் சூடேற்றும் உழைப்பே உங்களுக்கு அதிகம். சிறுவர்கள் பழகும் பெரிய, நன்றாக எழும்பும் பந்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் போட்டுத் தர, நின்ற இடத்தில் சுவரை ஒட்டி நேராக அடியுங்கள். பந்தில்லாமலே மூலை மூலையாக ஓடி அடிப்பது போல் பழகும் கோஸ்டிங் வேண்டாம். கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம்தான், ஆனால் நான்கு மூலைக்கும் ஓடிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

பீட்டர் மார்ஷலின் பெயரைச் சொல்லி உங்களை ஊக்குவிக்க வருவார்கள். ராக்கெட்டை இரு கைகளாலும் பிடித்து ஆடி 1990-களில் உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை வந்த ஆங்கிலேய வீரர் அவர். சுரப்பிக் காய்ச்சல் என்னும் வைரஸ் தொற்றுக்குப் பின் இதே நோய் அவரை ஆண்டுக்கணக்கில் ஆட்டத்திலிருந்து விலக்கியது. 2000-இல் பிரிட்டிஷ் தேசியப் பட்டத்தை வென்று திரும்பினார். அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவர் திரும்பினார் என்பதற்காக நீங்களும் இன்ன தேதிக்குள் திரும்பியாக வேண்டும் என்று எவரும் சொல்ல இடம் தராதீர்கள்.

சங்கத்துக்கும் கல்லூரிக்கும் வேலை தரும் நிறுவனத்துக்கும் நோயை எழுத்தில், மருத்துவச் சான்றோடு, முதல் மாதமே தெரிவியுங்கள். நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்தேன். உதவித்தொகை தந்துவந்த ஒரு நிறுவனம், பயிற்சிக்கு வராதவள் என்று கணக்கை மூடியபோது காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. போட்டிச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும்போது அவை தேவைப்படும்.

நடுவர் பணியைக் கற்றுக்கொள்ளுங்கள். பின்சுவருக்கு அப்பால் உட்கார்ந்து, ஒருவர் வழியை மற்றவர் மறித்தால் அது லெட்டா (மீண்டும் ஆடுவது) ஸ்ட்ரோக்கா (மறிக்கப்பட்டவருக்குப் புள்ளி) என்று முடிவு சொல்ல ஆட்டம் தெரிந்த கண் வேண்டும், கால் வேண்டியதில்லை. ஆனால் அதுவும் மூளை உழைப்பு. எனக்கு ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம்தான் எல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ராக்கெட் உறையைத் திறந்தபோது, கடற்காற்றில் அதன் கைப்பிடியில் சுற்றிய கிரிப் கசிந்து பண்ருட்டிப் பலாவின் பால் போல உள்ளங்கையில் ஒட்டியது, ராக்கெட்டின் நரம்புகள் தளர்ந்திருந்தன. உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள். பழைய கிரிப்பை உரித்து, பிசினைத் துடைத்து, அடிக்கட்டையிலிருந்து சாய்வாகச் சுற்றி மேலே வந்து நாடாவால் ஒட்டுங்கள். உட்கார்ந்தபடியே செய்யலாம், பத்து நிமிட வேலை. செய்ததை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.