ஆர்சி விமானத்துக்குக் கணக்கு நோட்டு போடுவது எப்படி?

பெங்களூரில் ஞாயிறு காலை ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சிறு விமானம், விடுகிறவர்கள் பலரிடம் நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் விமானத்தின் பெயர், கீழே தேதி, "2 ஃப்ளைட், ஓகே". அவ்வளவுதான். அந்த நோட்டை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. விமானம் தரையில் குத்தினால் ஃபோம் உடல் போய்விடும். ஆனால் மோட்டாரும் சர்வோவும் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்) ரிசீவரும் பிழைத்து அடுத்த விமானத்தில் ஏறும். பேட்டரியோ மூன்று விமானத்துக்கும் பொது. அதனால் கணக்கை விமானத்தின் பெயரில் எழுதாமல் பாகத்தின் பெயரில் எழுதுங்கள்.

1. எல்லாவற்றுக்கும் நம்பர் போடுங்கள்

பேட்டரிக்கு ப1, ப2. மோட்டாருக்கு மோ1. சர்வோவுக்கு ச1, ச2. பேட்டரியில் வாங்கிய மாதத்தையும் சேர்த்து எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். மார்க்கர் எழுத்து வியர்வைக் கையில் அழிந்துவிடும்.

2. நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்

முன்பகுதி பறப்பு, நடுவில் பேட்டரி, பின்னால் பாகங்கள். பறப்புப் பக்கத்தில் ஒரு வரி போதும்: தேதி, இடம், எந்த விமானம், எந்தப் பேட்டரி, எத்தனை நிமிடம், காற்று எப்படி, ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா.

இடத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதே விமானத்தைச் சென்னையில் விட்டால், முழு த்ராட்டிலில் அதே ப்ரொப் (ப்ரொப்பெல்லர்) கூடுதல் ஆம்ப் இழுக்கும். இங்கே வரம்புக்குள் ஒட்டி ஓடிய ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) அங்கே சூடாகும். இரண்டு ஊர்க் கணக்கையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் மோட்டார் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

இடத்தோடு சேர்த்து, அன்றைக்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடம் (எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசுத் தளம்) பார்த்தீர்களா என்று ஒரு டிக். ஹெச்ஏஎல், எலஹங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி என்று நம்மைச் சுற்றி ஓடுதளங்கள்தான். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் உயர வரம்பு 400 அடிதான். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் அது 200 அடி.

3. பேட்டரிப் பக்கம்: இங்கேதான் கணக்கு உதைக்கும்

ஒரு பறப்பில் எவ்வளவு செலவானது என்று அறிய எளிய வழி, திரும்பச் சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்ஏஹெச் (பேட்டரியின் மின் கொள்ளளவு அலகு) உள்ளே போனது என்று சார்ஜரில் பார்த்து எழுதுவது. எல்லா யூட்யூப் வீடியோவும் இதைச் சொல்லும். சொல்லாமல் விடுவது, நடுவில் ஸ்டோரேஜ் சார்ஜ் (பறக்காத நாட்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைப்பது) வந்தால் என்ன ஆகும் என்பது.

என் 2200 எம்ஏஹெச் 3எஸ் (மூன்று ஸெல்) பேட்டரியை எடுத்துக்கொள்வோம். முழு சார்ஜில் கிளம்பி 7 நிமிடம் பறக்கிறது. வீட்டுக்கு வந்து ஸ்டோரேஜில் போட்டால், ஸெல்லுக்கு 3.8 வோல்ட் சுமாருக்குக் கொண்டுவர 350 உள்ளே போகிறது. அடுத்த சனி இரவு முழு சார்ஜ், 1150 போகிறது. சார்ஜர் திரையில் கடைசியாகத் தெரிவது அந்த 1150தான். அதை மட்டும் எழுதினால் நிமிடத்துக்கு 164. இந்த லைப்போ வகைப் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, அதாவது 1760; ஆக, பத்தரை நிமிடம் பறக்கலாம் என்று கணக்கு சொல்லும். உண்மையில் செலவானது 1500, நிமிடத்துக்கு 214. பத்தரை நிமிடத்துக்கு 2250 வேண்டும். பேட்டரியில் இருப்பதே 2200!

எனவே பேட்டரிப் பக்கத்தில் "ஸ்டோரேஜ்", "முழு", "கூட்டல்" என்று மூன்று கட்டம் போடுங்கள். கூட்டலை வைத்து மட்டும் டைமர் வையுங்கள். மேலே சொன்ன பேட்டரிக்கு 8 நிமிடம் வரும். நான் 7லேயே விட்டிருக்கிறேன். இன்னொரு சுற்று சுற்றி இறங்க மிச்சம் வேண்டாமா?

பறக்காமல் திரும்பி வந்த பேட்டரியை ஸ்டோரேஜில் போட்டால் சார்ஜர் டிஸ்சார்ஜ் செய்யும். அந்த எண்ணைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். கோடு போட்டு விடுங்கள்.

இன்டர்னல் ரெசிஸ்டன்ஸை (பேட்டரியின் உள் மின்தடை; பேட்டரிக்கு வயதாக ஏறும்) மாதம் ஒரு முறை குறித்தால் போதும். ஒரே சார்ஜரில், வீட்டுக்குள், பேட்டரி அறைச்சூட்டுக்கு வந்த பிறகு. ஜனவரி விடியலில் மைதானத்தில் எடுத்தால் குளிருக்கே எண் ஏறிவிடும், நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுவீர்கள். மொத்த எண்ணைவிட, மூன்று ஸெல்லில் ஒன்று மட்டும் தனியாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிடும் நேரம் வந்துவிட்டது.

4. பாகங்கள் பக்கம்

மாற்றியது, இறுக்கியது, ஒட்டியது மட்டும். மோட்டார் மவுண்ட் ஸ்க்ரூ, ப்ரொப் நட், க்ளெவிஸ் (சர்வோ கம்பியின் கொக்கி), ஹிஞ்ச், சர்வோ கியர். ஒரே ஸ்க்ரூவை அடிக்கடி இறுக்குவதாக நோட்டில் தெரிந்தால், கோளாறு ஸ்க்ரூவில் இல்லை. ப்ரொப் பேலன்ஸைப் பாருங்கள். ரேஞ்ச் செக் (சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது), ஃபெயில்சேஃப் செக் (சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறதா) தேதிகளும் இங்கேதான். சிஜி (விமானத்தின் எடை சமநிலைப் புள்ளி) சரியாக வந்த நிலையில் பேட்டரி எங்கே உட்கார்ந்தது என்பதை ட்ரேயில் டேப் ஒட்டிக் குறித்து, முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டிலும் எழுதுங்கள்.

நோட்டா, ஆப்பா?

மைதானத்துக்கு வரும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஆப் இருக்கும்போது இது எதுக்கு?" வெயிலில் திரை தெரியாது, விரலெல்லாம் சிஏ பசை. எஸ்பி ரோட்டுக்கு உதிரிபாகம் வாங்கப் போகும்போது ஒரு கெட்டி அட்டை நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் வாங்கிவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரத்தில் ஊறும். பேட்டரிக் கணக்கை மட்டும் நான் கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறேன். கூட்டலும் வகுத்தலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை

எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோ (கையில் பிடிக்கும் ரிமோட்) வைத்திருப்பவர்கள் ஸ்பெஷல் ஃபங்ஷன்ஸில் எஸ்டி லாக்ஸைப் போட்டால் டெலிமெட்ரி (பறக்கும்போது விமானம் அனுப்பும் அளவுகள்) முழுவதும் கார்டில் சிஎஸ்வி கோப்பாக விழும். கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதால் ரேடியோவின் கடிகாரம் சரியா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டன் ஸெல் தீர்ந்தால் தேதி பழையபடி போய்விடும். அப்புறம் எந்தக் கோப்பு எந்த ஞாயிறு என்று தேட வேண்டியதுதான்.

பேட்டரி மோட்டாருக்குப் பதில் எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின்காரர்களுக்கு எம்ஏஹெச் கட்டம் வேண்டாம். அந்த இடத்தில் டேங்க் எண்ணிக்கை, நீடில் எத்தனை சுற்று திறந்தது, க்ளோ ப்ளக் மாற்றிய தேதி, அன்றைக்கு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டீர்களா என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.