ஃபிடில் லீஃப் செடி வீட்டுக்குள் ஏன் இலை கொட்டுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சரியில் ஆளுயரத்துக்கு, அகன்ற இலைகளோடு பளபளவென்று நின்ற ஃபிடில் லீஃப், வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று மாதத்தில் அடி இலைகளை ஒவ்வொன்றாக உதிர்க்கத் தொடங்கும். தண்ணீர் போதவில்லையோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஊற்றும் அளவைக் கூட்டுவார்கள், இலை இன்னும் வேகமாகக் கொட்டும். பெரும்பாலான வீடுகளில் கோளாறு வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இலை செய்யும் வேலை குறையும், வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறையும். அப்போது, வேறு இடத்தில் சரியாக இருந்திருக்கக்கூடிய அதே ஒரு சொம்புத் தண்ணீர் வேரை அழுகவைக்கும்.

ஃபைகஸ் லைராட்டா என்ற இந்த மரம் நம் ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் நெருங்கிய சொந்தம். காம்பைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வடியும். சியரா லியோன் தொடங்கி கேமரூன் வரையுள்ள மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நில மழைக்காடுகள்தான் இதன் ஊர். அங்கே பல சமயம் வேறொரு மரத்தின் கிளையில் முளைத்து, வேரைத் தரைக்கு இறக்கி, 12 முதல் 15 மீட்டர் வரை வளரும். வெளிச்சத்துக்காக மரத்தின் மேலேயே முளைக்கிற இனம் இது. இதை நிழல் விரும்பி என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் வருகின்றன.

சோபா மூலையில் வைப்பது

நர்சரியில் இது பச்சை நிழல்வலைக்குக் கீழே நிற்கும். 50 சதவீத வலையாக இருந்தாலும் வெயில் நாளின் நண்பகலில் உள்ளே ஏறக்குறைய 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். நம் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்து மூலையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் கிடைக்கும். மனிதக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, இலை இருக்கும் உயரத்தில் வைத்துப் பாருங்கள். பகலின் பெரும்பகுதியில் 5,000 லக்ஸுக்கு மேல் கிடைக்கும் இடமே இதற்கு ஏற்றது. 1,000-க்குக் கீழே போனால் செடி மெதுவாகத் தேயும்.

கிழக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி வைப்பது மிகச் சிறந்தது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராகப் பட்டாலும் பழகிய செடிக்கு ஒன்றும் ஆகாது. மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை வேண்டும். ஏப்ரல், மே பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாகவே இலையைக் கருக்கிவிடும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் இடம் என்றால் 20 முதல் 30 வாட் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை உச்சி இலைக்கு மேலே 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் பொருத்தி, தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. செடி வாடுகிறதே என்று பதறி, ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். வீட்டுக்குள் வளர்ந்த இலை அதைத் தாங்காது, வெளிறிய திட்டுகளாக வெந்துபோகும். இடமாற்றம் இரண்டு வாரத்தில் படிப்படியாக நடக்க வேண்டும். புது இடத்தில் வைத்தபின் ஒரு மாதமாவது அசைக்காமல் விடுங்கள். நாலைந்து இலை உதிர்ந்தாலும் பொறுக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பினால் போதும், ஒரு பக்கமாகச் சாயாது.

கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது

வாரம் இருமுறை என்ற கணக்கு எந்தச் செடிக்கும் ஒத்துவராது, இதற்கு அறவே ஒத்துவராது. மே மாதத்தில் நான்கு நாளில் காயும் தொட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாளானாலும் காயாது. மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட தொட்டியில் விரல் போதாது. ஒரு மூங்கில் குச்சியை முக்கால் ஆழம் வரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கீழ்ப்பாதி கருத்து, மண் ஒட்டி வந்தால் இன்னும் காத்திருங்கள்.

ஊற்றும்போது தயங்கித் தயங்கி அரைச் சொம்பு ஊற்றுவதும் தவறுதான். மேல் மண் மட்டும் நனையும், அடி வேர் காய்ந்தே கிடக்கும். பத்து அங்குலத் தொட்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, அடியில் வழியும் வரை மெதுவாக ஊற்றி, அரை மணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அழகுக்காகப் பீங்கான் ஜாடிக்குள் வைத்திருப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஜாடிக்குள் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்பது வெளியே தெரியாது. ஊற்றுவதற்கு முன் தொட்டியை வெளியே எடுத்துவிடுவது ஒன்றே வழி.

என்ன கோளாறு என்பதை இலைப் புள்ளிகளே சொல்லும். நின்று நிதானமாகப் பாருங்கள்:

- அடி இலைகளில் கரும்பழுப்புத் திட்டு, நடுவிலிருந்தோ காம்புப் பக்கத்திலிருந்தோ பரவுகிறது, மண் ஈரமாகவே இருக்கிறது: வேர் அழுகல். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, கருத்துக் கொழகொழவென்றிருக்கும் வேரை வெட்டிவிட்டுப் புது மண் கலவையில் வையுங்கள். நல்ல வேர் வெளிறிய பழுப்பில் விறைப்பாக இருக்கும்.
- ஓரங்கள் இளம்பழுப்பில் மொறமொறவென்று காய்கின்றன, மண் தொட்டிச் சுவரைவிட்டு விலகி நிற்கிறது: வறட்சி. மேலே ஊற்றினால் அந்த இடைவெளியில் ஓடிவிடும். பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர் எடுத்து, தொட்டியை அரை மணி முதல் முக்கால் மணி வரை அதில் நிறுத்தி ஊறவிடுங்கள்.
- இளந்தளிரில் மட்டும் குண்டூசி முனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள்: நன்றாகக் காய்ந்த செடி திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்ததால் செல்கள் உப்பி வெடித்த தடம். நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். இலை பெரிதாகும்போது பெரும்பாலும் மங்கிவிடும். ஊற்றும் இடைவெளியை ஒழுங்காக்கினால் அடுத்த தளிர் சுத்தமாக வரும்.

தண்ணீரின் தரத்துக்கும் கவனம் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிக்கன எண்ணம் நல்லதுதான். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். கொஞ்ச நாளில் மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பு தெரியும், இலை நுனி கருகும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். செடிக்கு மழைத் தண்ணீரோ குடிநீரோ ஊற்றுங்கள். வெள்ளைப் பூப்பு ஏற்கெனவே இருந்தால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும்.

மண்ணும் தொட்டியும்

வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான களிமண் உருண்டை இருக்கும். பயணத்துக்கு அது உதவும், வீட்டுத் தொட்டியில் காற்றுப் புக விடாது. ஆனால் வாங்கிய அன்றே பிரித்து மாற்றாதீர்கள். மூன்று வாரம் புது இடத்துக்குப் பழகட்டும். பிறகு வேர் அறுபடாமல் வெளிப்புறக் களிமண்ணை விரலாலும் தண்ணீராலும் கரைத்து எடுங்கள். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கலவை: கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி நன்றாகவே வேலை செய்யும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நடப்பது வேறு. மெல்லிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே மண்ணில் தேங்கி நிற்கும், அதாவது ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையை மறைக்க ஒரு துண்டு வலை போதும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து புளிக்கும். மாசி, பங்குனியில் தொட்டி மாற்றுவது நல்லது, கத்திரி வெயிலில் வேண்டாம்.

ஏ.சி., எண்ணெய், பூச்சி

ஏ.சி. இருக்கும் அறையில் வைக்கலாம், காற்று நேரே இலையில் படக்கூடாது. இலையில் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது, அதை நம்பியிருக்க வேண்டாம். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெயோ பாலோ தடவாதீர்கள். தூசி ஒட்டும், இலைத் துளை அடையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரப் பருத்தித் துணியால், ஒரு கையை இலையின் அடியில் கொடுத்துத் துடைத்தால் போதும்.

துடைக்கும்போதே காம்புக் கக்கத்தையும் இலையடி நரம்பையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி, பழுப்புச் செதில்போல் இருந்தால் செதில்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்யாவிட்டால் முட்டையிலிருந்து வருபவை தப்பிவிடும். உரத்துக்கு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை, புதுத் தளிர் வரும் காலத்தில் மட்டும். வாடிய செடிக்கு உரம் போட்டால் வேர்தான் கருகும்.

மரம்போல் கிளைக்க வைக்க

விட்டால் இது ஒற்றைத் தண்டாகக் கூரைக்கே போகும். செடி நன்றாகத் தளிர்விடும் பருவத்தில், விரும்பிய உயரத்தில் ஒரு கணுவுக்குச் சற்று மேலே கூரான கத்தியால் உச்சியை வெட்டுங்கள். சில வாரங்களில் ஒன்றிரண்டு மொட்டுகள் எழும். வலுவில்லாத, வெளிச்சம் பற்றாத செடியை வெட்டினால் ஒன்றும் எழாது. வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். பூனையும் நாயும் இலையைக் கடித்தால் வாயும் வயிறும் புண்ணாகும், ஆகவே அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள்.

வெட்டிய நுனியைத் தண்ணீரில் வைத்து வேர்விட வைக்கலாம், நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதில் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். இலையை மட்டும் காம்போடு வைத்தாலும் வேர் வரும், ஆனால் மொட்டு இல்லாததால் அது எத்தனை நாளானாலும் ஒற்றை இலையாகவே நிற்கும்.