தொற்றுநோய் நிபுணரின் ஆலோசனையை எப்போது, எப்படிக் கேட்பது?

காய்ச்சல் தணியாத உள்நோயாளிக்கு இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்குகளை மாற்றிப் பார்த்த பிறகே தொற்றுநோய் நிபுணரை அழைக்கும் வழக்கம் பல வார்டுகளில் உண்டு. அதற்குள் கிருமியைக் கண்டறியும் நல்ல வாய்ப்பு நழுவிவிடுகிறது. மருந்து ஏறிய பின் எடுக்கும் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராமல் போகலாம்.

ரத்தக் கல்ச்சரில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக ஆய்வகம் தெரிவித்தால், அன்றே நிபுணரை அழையுங்கள். நிபுணர் பார்த்த இத்தகைய நோயாளிகளிடையே இறப்பு குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் புதிய மருந்து எதையும் கொண்டுவருவதில்லை. செய்ய வேண்டியவை விடுபடாமல் பார்த்துக்கொள்கிறார். கிருமி மறையும்வரை கல்ச்சரை மீண்டும் மீண்டும் எடுப்பது, இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்ப்பது, முதுகெலும்பிலோ மூட்டிலோ சீழ் தங்கியிருக்கிறதா என்று தேடுவது, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் கிருமியானால் வான்கோமைசினை விட்டுச் செஃபசோலின் போன்ற மருந்துக்கு மாற்றுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். சிகிச்சை நாள்களை, காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அல்ல, கிருமி வளராத முதல் கல்ச்சர் எடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சிக்கலற்ற தொற்றுக்குக் குறைந்தது 14 நாள்கள், சிக்கலானதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள்.

ரத்தத்தில் காண்டிடா பூஞ்சை, செயற்கை மூட்டுத் தொற்று, உறுப்பு மாற்று செய்துகொண்டவரின் காய்ச்சல், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. ஆனால் செப்டிக் அதிர்ச்சியில் (தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் நிலை) நிபுணருக்காகக் காத்திருக்காதீர்கள். கல்ச்சர் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட வேண்டும்.

"காய்ச்சல், பார்த்து ஆலோசனை கூறவும்" என்று எழுதும் கோரிக்கை அநேகமாக வீண். "வென்டிலேட்டரில் 6ஆம் நாள், புதிதாகக் காய்ச்சல், மத்திய சிரைக் குழாய்தான் காரணமா, அதை அகற்றலாமா?" என்று கேட்டால் தெளிவான பதில் வரும். கல்ச்சர்கள் எந்த நாளில், எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டன, எந்த மருந்து எப்போது என்ன அளவில் தொடங்கியது, சிறுநீரகச் செயல்பாடு, உடலுக்குள் இருக்கும் செயற்கைப் பொருள்கள் ஆகியவற்றைக் கோரிக்கையிலேயே குறிப்பிடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதினால், உண்மையில் என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்த முத்திரை குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பரிசோதனையில் அம்மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

மருந்தின் அளவு போன்ற எளிய ஐயத்துக்குத் தொலைபேசி போதும். ரத்தத் தொற்றுக்குப் போதாது, ஏனெனில் நீங்கள் சொல்ல மறந்ததை மறுமுனையில் இருப்பவரால் பார்க்க முடியாது.

ஏற்கக் கடினமான ஆலோசனை, மருந்தை நிறுத்தச் சொல்வதுதான். சிறுநீரில் கிருமி வளர்ந்தும் அறிகுறி இல்லையென்றால், கர்ப்பம், சில சிறுநீர்ப்பாதை அறுவை முறைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை தேவையில்லை. நிபுணரின் கருத்தில் உடன்பாடு இல்லையென்றால் மௌனமாகப் புறக்கணித்துவிடாமல், அவரையே அழைத்துக் காரணத்தைச் சொல்லி, எடுத்த முடிவைக் கேஸ் ஷீட்டில் பதியுங்கள்.

நோயாளி வீட்டிலும் ஊசி மருந்தைத் தொடர வேண்டியிருந்தால், மருந்து முடியும் தேதி, வாராந்திர ரத்தப் பரிசோதனைகள், அவற்றின் முடிவுகளைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது, சிரைக் குழாயை எப்போது அகற்றுவது ஆகிய நான்கையும் டிஸ்சார்ஜ் குறிப்பில் நிபுணரோடு சேர்ந்தே எழுதிவிடுங்கள்.